ஹலாலான உழைப்பும் அமானிதமான கல்வியும்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியிருந்தேன். உறவினர் வந்திருந்தமையால் கைப்பேசிச் செயலி வழியாக உணவு வரவழைத்திருந்தோம். கதவு தட்டப்பட்டது. தலைக்கவசத்திலிருந்து நீர் சொட்ட, தோளில் பெரிய பையுடன் நின்ற இளைஞன் என்னைக் கண்டதும் திகைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும், ஹஜ்ரத்" என்றான். பத்தாண்டுகளுக்கு முன் என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. இன்று சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாமாண்டு.

"உள்ளே வா தம்பி, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்" என்றேன்.

"இல்லை ஹஜ்ரத், இன்னும் மூன்று ஆர்டர் முடித்தால்தான் இன்றைய ஊக்கத்தொகை கிடைக்கும்."

"படிப்பு எப்படிப் போகிறது?"

தலையைக் குனிந்துகொண்டான். "வருகைப்பதிவு குறைந்துவிட்டது. இந்தப் பருவத் தேர்வு எழுத விடவில்லை. கை உழைப்பின் சிறப்பை நீங்கள்தானே ஹஜ்ரத் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கூறிவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

அன்றிரவு அந்த உணவு எனக்கு இறங்கவில்லை. அவன் சொன்னதில் பிழையில்லை. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பில் உண்டு வந்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள் புகழ்ந்துரைத்திருக்கிறார்கள். அதை ஆண்டுதோறும் மக்தபில் நான் சொல்லித்தான் வருகிறேன். நானும் உழைத்துப் படித்தவன். 1998இல் பி.ஏ. சேர்ந்தபோது, மாலை வேளைகளில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினேன். தேர்வு நெருங்கினால் முதலாளியே, "பேரேட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படி" என்று அனுப்பிவிடுவார். தேர்வு முடிந்து திரும்பும்போது வேலை எனக்காகக் காத்திருக்கும்.

என்னைப் படிக்க வைத்த உழைப்பு அவன் படிப்பை ஏன் பறித்தது? அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அவனைப் பள்ளிவாசலில் அமர்த்திக் கேட்டேன். அத்தா நோயுற்றுக் கடையை மூடிய பிறகு, சனி ஞாயிறு மட்டும் என்றுதான் தொடங்கியிருக்கிறான். ஆனால் இத்தொழிலில் வருவாய் மிகும் நேரம் நண்பகலும் முன்னிரவும். நண்பகல் வகுப்பு நேரம். முன்னிரவு படிக்கும் நேரம். இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு கூடுதல் தொகை என்று படிப்படியாக அடுக்கி வைத்திருப்பதால், ஒன்று முடிந்ததும் மனம் அடுத்ததை நாடுகிறது. பெட்ரோலும் வண்டிப் பழுதும் அவன் செலவு. வேலைக்கு வா என்று எவரும் அதட்டவில்லை; தேர்வு வருகிறது, போய்ப் படி என்று சொல்லவும் அங்கே ஒரு முகம் இல்லை. நாள்தோறும் சேரும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. கைநழுவும் பட்டம் தெரிவதில்லை. எழுபத்தைந்து விழுக்காடு இருக்க வேண்டிய வருகைப்பதிவு அறுபதுக்கும் கீழே இறங்கிய பின்னரே விழித்திருக்கிறான்.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டுமன்று. 2020-21இல் நம் நாட்டில் இத்தகைய 'கிக்' தொழிலில் 77 லட்சம் பேர் இருந்தனர் என்றும், 2029-30இல் அது 2 கோடியே 35 லட்சமாகும் என்றும் நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. தமிழக அரசும் 2023இல் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைத்தது. ஆகவே, வேலையே கூடாது என்று பிள்ளைகளைத் தடுப்பது தீர்வாகாது. பசித்த வீட்டுக்கு அந்த உபதேசம் உதவாது.

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் புறப்பகுதியில் வாழ்ந்த காலத்தில், அண்டை வீட்டு அன்சாரித் தோழருடன் முறை வைத்துக்கொண்டு நபியவர்களின் சபைக்குச் சென்று வந்தார்கள். ஒருநாள் இவர், மறுநாள் அவர். சென்றவர் தாம் கேட்டதை மற்றவருக்கு எடுத்துரைப்பார். பிழைப்பைக் கவனிப்பவரும் கல்வியைத் தவறவிடலாகாது என்பதற்கு அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் காட்டுகின்றனர். நம் பிள்ளைகளும் வேலைக்கு நாள் குறிக்க வேண்டும். அந்த எல்லையை வகுப்பது பெற்றோரின் பொறுப்பு. மாதந்தோறும் மகன் கொண்டுவரும் பணத்தை எண்ணும் நாம், அவனது வருகைப்பதிவையும் கேட்டறிய வேண்டாமா?

ஜமாஅத்துக்கும் கடமை உண்டு. கூஃபாவில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், வறுமையால் பாடத்தை விட்டு விலக நேர்ந்த மாணவர் அபூயூசுஃபின் செலவைத் தாமே ஏற்றார்கள். அந்த மாணவரே பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார். அன்று அந்தக் கை நீளாதிருந்தால், சமுதாயம் ஒரு மேதையை இழந்திருக்கும்.

எங்கள் மஹல்லாவில் நான்கு பேர் சேர்ந்து, அந்த மாணவனின் கல்லூரிக் கட்டணத்தையும் அத்தாவின் மருந்துச் செலவையும் ஏற்றிருக்கிறோம். இழந்த பருவத்தை மீட்க அவனுக்குக் கூடுதல் காலம் ஆகும். அந்த இழப்பு இழப்புதான். இப்போது ஞாயிறன்று மட்டும் வண்டி எடுக்கிறான்.

நானும் என் பாடத்தைத் திருத்திக்கொண்டேன். தாவூத் (அலை) அவர்களின் உழைப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே நாளில், உமர் (ரலி) அவர்கள் வைத்த முறையையும் சேர்த்துச் சொல்கிறேன். உழைப்பு ஹலால், கல்வியோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இரண்டையும் பேணும் பேற்றை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக, ஆமீன்.