ஓய்வுநாளும் பணி ஓய்வும்: விவிலியம் என்ன சொல்கிறது?

பணி ஓய்வு பெறும் நாளில் ஒருவருக்கு மாலை போடுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள். "இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்" என்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள். மறுநாள் காலை வழக்கம்போல ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. குளித்துச் சட்டையை மாட்டிக்கொண்ட பிறகுதான், போவதற்கு இடம் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. செய்தித்தாளை இரண்டு முறை படித்து முடித்தும் மணி ஒன்பதுதான் ஆகிறது. நேற்று வரை நாலு பேர் கேட்டு நடந்த மனிதர், இன்று மின்கட்டணம் கட்டப் போய்வரும் ஆள்.

அவர் கிறிஸ்தவராக இருந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடுகிறது. "மூச்சு உள்ளவரை உழைக்க வேண்டும், வேதத்தில் ஓய்வு பெற்றவர் யார் இருக்கிறார்?" என்கிறார் ஒருவர். "கடவுளே ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தாரே, பேசாமல் உட்காருங்கள்" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே விவிலியத்தைத்தான் காட்டுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்குத் தமிழும் ஒரு காரணம். வாரத்தில் ஒருநாள் வேலையை நிறுத்துவதும் 'ஓய்வு'. வேலையிலிருந்தே விலகுவதும் 'ஓய்வு'. விவிலியத்தில் இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். முதலாவதைப் பற்றி அது மிக அதிகமாகப் பேசுகிறது. இரண்டாவதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது.

அடிமைகளுக்குக் கிடைத்த விடுமுறை

ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டிலும் காரணம் வேறு. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் படைப்பைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5-ஆம் அதிகாரமோ எகிப்தில் அடிமைகளாக இருந்ததை நினைவில் வைக்கச் சொல்கிறது. எகிப்தில் நடந்தது என்ன? வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அதே எண்ணிக்கையில் செங்கல் அறுக்கச் சொன்னான் பார்வோன். சில நாள் விடுப்புக் கேட்டதற்குச் சோம்பேறிகள் என்ற பட்டம்தான் கிடைத்தது. அப்படி வாழ்ந்த மக்களுக்குத்தான் ஏழு நாளில் ஒருநாள் ஓய்வு கட்டளையாகவே கொடுக்கப்பட்டது.

அதுவும் வீட்டுத் தலைவருக்கு மட்டுமல்ல. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என்று பட்டியல் நீள்கிறது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு உண்டு. அந்த ஆண்டில் தானாக விளைவது ஏழைகளுக்கும், மிஞ்சியது காட்டு விலங்குகளுக்கும்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. விவிலியத்தின் ஓய்வு, முப்பத்தைந்து வருடம் சேர்த்துவைத்து மொத்தமாகக் கடைசியில் எடுத்துக்கொள்ளும் வைப்புநிதி அல்ல. மன்னாவைப் போல, அவ்வப்போது பெற்றுக்கொள்ள வேண்டியது. கணவர் பணி ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் தேநீர் போடும் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது என்றால், அங்கே ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய வேலையாகிவிட்டது என்று பொருள்.

ஐம்பது வயது லேவியர்

ஓய்வு பெறும் வயது என்று விவிலியத்தில் தெளிவாக இருப்பது ஒரே இடத்தில்தான். எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தின் இறுதியில் லேவியருக்கான விதி அது. 25 வயதில் ஆசரிப்புக்கூடார வேலைக்கு வர வேண்டும். 50 வயதில் அந்த வேலையை விட்டுவிட வேண்டும்.

ஏன் 50? லேவியரின் வேலை என்ன என்று பார்த்தால் புரியும். பாளயம் நகரும்போதெல்லாம் கூடாரத்தைப் பிரித்துச் சுமந்து, அடுத்த இடத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். மெராரி வம்சத்தாரிடம் பலகைகளும் தூண்களும் பாதங்களும் இருந்தன. அவர்களுக்கு நான்கு வண்டிகளும் எட்டு மாடுகளும் கொடுக்கப்பட்டன. கெர்சோன் வம்சத்தாருக்கு இரண்டு வண்டிகள். கோகாத் வம்சத்தாருக்கு வண்டியே கிடையாது. பரிசுத்தப் பொருள்களைத் தோளில்தான் சுமக்க வேண்டும். பாலைவனத்தில், மணலில், தோள்சுமை. ஐம்பதில் நிறுத்தச் சொன்னது இரக்கம்தான்.

ஆனால் விதி அத்தோடு முடியவில்லை. சுமக்கும் வேலையை விட்டவர்கள் கூடாரத்திலேயே இருந்து, தங்கள் சகோதரரோடு காவல் காக்கும் பணியில் உதவலாம் என்றும் சொல்கிறது. பாரத்தை இறக்கிவைக்கிறார்கள், ஆளை வெளியே அனுப்பவில்லை. அடுத்த தலைமுறை சுமக்கிறது. முந்தைய தலைமுறை அருகில் நிற்கிறது.

இன்றைய ஓய்வு வயது வேறு வழியில் வந்தது. ஜெர்மனியில் 1889-இல் வந்த முதியோர் காப்பீட்டுச் சட்டம் 70 வயதில் ஓய்வூதியம் தந்தது. 1916-இல் அது 65 ஆனது. வயதானவர் பட்டினி கிடக்கக் கூடாது என்ற வகையில் அது பெரிய நன்மை. ஆனால் ஓய்வூதியச் சட்டம் பணத்துக்குத்தான் வழி சொல்லும்; அருகில் எங்கே நிற்பது என்று சொல்லாது.

காலேபும் பர்சிலாவும்

85 வயதில் காலேப் யோசுவாவிடம் வந்து, ஏனாக்கியர் வாழ்ந்த மலைநாட்டைத் தனக்குத் தரும்படி கேட்கிறார். 45 ஆண்டுகளுக்கு முன் இருந்த அதே பலம் இன்னும் இருப்பதாகச் சொல்கிறார். பிரசங்கங்களில் அடிக்கடி வருபவர் இவர்தான். எல்லா முதியவரும் காலேபாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மட்டும் நியாயமல்ல.

பர்சிலாவைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அப்சலோமுக்குப் பயந்து தாவீது ஓடிவந்த காலத்தில் உணவளித்துக் காத்தவர் அவர். வெற்றிக்குப் பிறகு, எருசலேமுக்கு வந்து அரண்மனையில் தங்கும்படி தாவீது அழைக்கிறார். பர்சிலா மறுத்துவிடுகிறார். தனக்கு வயது 80. உணவின் சுவை தெரிவதில்லை, பாடகரின் குரல் கேட்பதில்லை. அரசருக்குப் பாரமாக இருப்பானேன்? சொந்த ஊரில், பெற்றோரின் கல்லறை அருகே இறக்க விரும்புகிறார். தனக்குப் பதிலாகக் கிம்காம் என்பவரை அனுப்பிவைக்கிறார். தாவீது அவரை முத்தமிட்டு வழியனுப்புகிறார். முடியாது என்று சொன்னதற்காக விவிலியம் பர்சிலாவைக் குறை சொல்லவில்லை.

இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டும். மலை ஏறுவதும் மரியாதைதான்; நதிக்கரையிலேயே நின்று இளையவரை அனுப்பிவைப்பதும் மரியாதைதான்.

பதினைந்து சேக்கல்

ஓய்வு பெற்றவரை உள்ளுக்குள் அரிப்பது பணக்கவலை மட்டுமல்ல. "இனி எனக்கு என்ன மதிப்பு?" என்ற கேள்விதான். லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தில் பொருத்தனைக்கான மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. 20 முதல் 60 வயது வரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல். 60 தாண்டினால் 15 சேக்கல். பெண்ணுக்கு 30, அறுபதுக்குமேல் 10. படிக்கும்போது மனம் சுருங்குகிறது. உழைப்புக்கு விலை போட்டால் கணக்கு இப்படித்தான் வரும்.

ஆனால் அதே லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரம், நரைத்தவருக்கு முன்பாக எழுந்து நிற்கச் சொல்கிறது. அவர் முன்பு என்ன பதவியில் இருந்தார், இப்போது எத்தனை சேக்கல் பெறுவார் என்று பார்த்து எழுந்திருக்கச் சொல்லவில்லை. விலை குறையலாம், மரியாதை குறையக் கூடாது. ஒரே நூல் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. குழப்பிக்கொள்வது மனிதர்கள்தான்.

லூக்கா 12-ஆம் அதிகாரத்தின் பணக்காரனும் இங்கே நினைவுக்கு வருகிறான். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டி, பல வருடங்களுக்குச் சேர்த்தாயிற்று, இனி இளைப்பாறலாம் என்று நினைத்தவன். அவன் சேமித்ததைவிடக் கவனிக்க வேண்டியது, அவன் தன்னிடமே பேசிக்கொள்வது. அந்தத் திட்டத்தில் வேறொரு மனிதர்கூட இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் அந்தப் பெரியவருக்கு, அப்படியானால், விவிலியம் சொல்வது "இன்னும் சுமந்துகொண்டே இரு" என்பதல்ல. "உன் வேலை முடிந்தது, போ" என்பதும் அல்ல. எந்தச் சுமையை இறக்கிவைக்கலாம், யாருக்கு அருகில் போய் நிற்கலாம் என்ற இரண்டு கேள்விகளை அவர் முன் வைக்கிறது. முதல் கேள்விக்கு அவர் பதில் தேடிக்கொள்வார். இரண்டாவதுக்கு, நிற்பதற்கு இடம் விட வேண்டியவர்கள் இப்போது சுமந்துகொண்டிருப்பவர்கள்.