45 டிகிரியில் நிற்கும் தகடு

திங்கள், அம்பத்தூர்

பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப். 2 மி.மீ. சி.ஆர். தகடு, மூன்று மடிப்பு. இரண்டு மடிப்பு இங்கேயே 90 டிகிரிக்குப் போய்விடும். மூன்றாவதை 45-இல் நிறுத்தி அனுப்ப வேண்டும். வாங்குபவர் உள்ளே ரப்பர் பட்டையைச் செருகிவிட்டு, மீதியைக் கை பிரஸ்ஸில் மடித்துக்கொள்வார். ஃபிக்ஸ்சர் செய்ய அந்த அரைமடிப்பு நிலையின் 3டி மாடல் கேட்கிறார்கள்.

சாலிட்வொர்க்ஸில் அன்ஃபோல்ட், ஃபோல்ட் இரண்டும் உண்டு. விரித்தால் முழுக்க விரியும், மடித்தால் முழுக்க மடியும். நடுவில் நிறுத்த வழி இல்லை.

செவ்வாய்

சட்டென்று கை போவது கோணத்துக்குத்தான். 90-ஐ அழித்து 45 என்று அடித்துவிடலாம். திரையில் குறையே தெரியாது. டெவலப்மென்ட்டைத் திறந்தால்தான் தகட்டின் நீளம் மாறியிருப்பது தெரியும்.

கணக்கு இதுதான். மடிப்பில் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்குண்ணும். இரண்டுமில்லாத அடுக்கு எங்கே என்று சொல்வது கே-ஃபேக்டர். அதை 0.42 என்றும் உள் ஆரத்தை 2.5 என்றும் வைத்தால், 90 டிகிரி மடிப்புக்குள் போகும் நீளம் 1.571 × (2.5 + 0.84), அதாவது 5.25 மி.மீ. (0.84 என்பது கே-ஃபேக்டர் × தகட்டின் தடிமன்; 1.571 என்பது ரேடியனில் 90 டிகிரி.) அதே ஆரத்தில் 45 டிகிரிக்கு 2.62. இருபக்க நேர்ப்பகுதிகளும் அப்படியே இருந்தால், மீதி 2.62 மி.மீ. தகடு எங்கே போயிற்று?

லேசர் வெட்டித் தந்தது ஒரே பிளாங்க். அது எந்தக் கோணத்தில் நின்றாலும் நீளம் ஒன்றுதான். ஆகவே 45-க்குத் தனி கான்ஃபிகரேஷன் போட்டு, அந்த மடிப்புக்கு மட்டும் கே-ஃபேக்டரை விட்டுவிட்டு, பெண்ட் அலவன்ஸ் 5.25 என்று நேரடியாகக் கொடுத்தேன். விரிப்பு இப்போது இரண்டு நிலையிலும் ஒன்று.

வியாழன்

நீளம் சரி, ஆரம்? பிரஸ் பிரேக்கில் நிற்கும் அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, பாதியில நிறுத்தினா ரேடியஸ் அதேதானா?”

“எப்படிப்பா இருக்கும்? பஞ்ச் இறங்க இறங்கத்தானே மூலை இறுகும். பாதியில குண்டாத்தான் நிக்கும்.”

16 மி.மீ. வி-டையில் தகடு அடியைத் தொடாமல் தொங்கியபடி வளைகிறது. அவர் சொன்னதை எண்ணில் போட்டேன்: 5.25-ஐ ரேடியனில் உள்ள கோணத்தால் வகுத்து 0.84-ஐக் கழித்தால் 45 டிகிரிக்கு 5.84 மி.மீ. 60 டிகிரிக்கு 4.17. உண்மைத் தகடு இவ்வளவு சீரான வில்லாக வளையாது. ஃபிக்ஸ்சர் இடைவெளி பார்க்க இது போதும். ஈக்குவேஷனாகவே எழுதிவிட்டேன், கோணத்தை மாற்றினால் ஆரம் தானே மாறும்.

இதையே பிரஸ் டூலில், டையின் விளிம்பில் தகட்டைச் சாய்த்து மடிக்கிற வைப்பிங் முறையில் செய்தால் கதை வேறு. அங்கே ஆரத்தைத் தருவது டை, 2.5 அப்படியே நிற்கும். அந்த 5.25-இல் பாதிதான் அதைச் சுற்றியிருக்கும், மீதி 2.62 நேராக ஃபிளான்ஜோடு சேர்ந்துவிடும். பிளாங்க் ஒன்று, கோணம் ஒன்று, ஆனால் ஃபிளான்ஜின் முனை நிற்கும் இடம் வேறு. எந்த மெஷினில் மடிக்கப்போகிறார்கள் என்று கேட்காமல் அரைமடிப்பை வரைவதில் அர்த்தமே இல்லை என்பது என் கட்சி.

சனி

வரைபடம் முடிந்தது. 45 என்று மட்டும் எழுதினால் வம்பு: நான் சொல்வது மடித்த கோணம், பிரேக்கின் திரை காட்டுவது உள்கோணம், 135. இரண்டையும் எழுதினேன். ஸ்பிரிங்-பேக் போன பிறகு நிற்க வேண்டிய கோணம் இது என்றும் குறித்தேன். பவுடர் கோட்டிங் வேண்டாம் என்று ஒரு வரி. பின்னால் மடிக்கும்போது வெளிப்புறத்தில் கோட்டிங் விரிசல் விட வாய்ப்புண்டு.

உண்மையில் வாங்குபவருக்குக் கோணமே தேவையில்லை, ரப்பர் நுழைந்தால் போதும். அதனால் வாய் அகலத்தையே சரிபார்க்கும் அளவாக வைத்து, டிகிரியை அடைப்புக்குறிக்குள் தள்ளினேன். ரப்பர் பட்டையில் ஒரு துண்டு கேட்டிருக்கிறேன். சாம்பிள் பிரேக்கிலிருந்து இறங்கியதும் செருகிப் பார்க்க வேண்டும்.