கரகரத்த கிட்டாரும் ஒரு பழைய கடனும்

போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் பள்ளி ஆண்டு விழாவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்க இருந்தான். விரல் நுனியெல்லாம் கொப்புளம். "கம்பி ரொம்ப டைட்டா இருக்கு தாத்தா" என்றான். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவனுக்கு இது ஒரு விஷயமா? ஒரே ராத்திரியில் மூன்று வேலை செய்தேன். பத்தாம் நம்பர் கம்பியைக் கழற்றி ஒன்பதாம் நம்பர் மெல்லிய கம்பி போட்டேன். பிரிட்ஜில் இருக்கும் சின்ன ஸ்க்ரூக்களைத் திருகிக் கம்பிகளைத் தாழ்த்தினேன். பாடப் போகும் பெண்ணின் குரலுக்காகச் சுருதியையும் அரைக்கட்டை இறக்கினேன்.

காலையில் பேரன் வாசித்தான். எங்கே தொட்டாலும் 'கர்ர்ர்'.

முதலில் வீட்டு எர்த் சரியில்லை என்றேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைப் பிடுங்கியும் இரைச்சல் நிற்கவில்லை. அப்போதே அது மின்சாரக் கோளாறு இல்லை என்று புரிந்திருக்க வேண்டும். நானோ, "நல்லா அழுத்திப் பிடிடா, உன் விரல்தான் சரியில்லை" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கிட்டாரை உறையில் போட்டு மூடிவிட்டான். இரண்டு நாள் தொடவே இல்லை. மூன்றாம் நாள் அவன் அம்மாவிடம், "எனக்கு வராதும்மா, பேரை எடுத்துடச் சொல்லு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அன்று மாலை சைதாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் பத்திரிகை வைக்க வந்தார், மகளுக்குக் கல்யாணம். கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"சார், பாவு இழை அறுந்துகிட்டே இருந்தா நாங்க ஒவ்வொண்ணாத்தான் பாப்போம். பாவு இழுவை, அப்புறம் அச்சு, அப்புறம் விழுது. நீங்க ஒரே ராத்திரியில மூணையும் மாத்திட்டீங்களே! லேப்ல நீங்கதான சார் சொன்னீங்க, ஒண்ணை மாத்தும்போது மத்ததை அசைக்காதேன்னு?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் போனதும் பேரனை அழைத்து, நோட்டும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தோம்.

இரைச்சல் எங்கே வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. எதையும் அழுத்தாத வெறும் கம்பியில் மட்டும் வந்தால், தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டில் கோளாறு. ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் வந்தால் (வீணையில் மெட்டு என்போமே, அதுதான்) அதற்கு அடுத்த ஃபிரெட் தூக்கியிருக்கலாம். பன்னிரண்டுக்கு மேலே வந்தால் பிரிட்ஜில் கம்பி தாழ்ந்துவிட்டது. முதல் ஐந்துக்குள் வந்தால் கழுத்து வளைவில்லாமல் நேராகிவிட்டது. எங்களுக்கு மேலேயும் வந்தது, கீழேயும் வந்தது.

கணக்கு போட்டேன். பத்தாம் நம்பர் செட் கழுத்தை மொத்தம் சுமார் 46 கிலோ விசையில் இழுக்கிறது. ஒன்பதாம் நம்பர் சுமார் 38 கிலோதான். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்பதால், அரைக்கட்டை இறக்கியதில் இன்னும் பதினொரு சதவீதம் போச்சு. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி மட்டும் பழையபடியே எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் கழுத்து பின்னால் போய், கம்பிகள் ஃபிரெட்டில் உரசின.

முதலில் பிரிட்ஜ் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றினோம். மேல்பக்க இரைச்சல் போய்விட்டது. பிறகு டிரஸ் ராடை ஆலன் கீயால் கால் சுற்று தளர்த்தி, திரும்பச் சுருதி சேர்த்து, ராத்திரி முழுக்க விட்டுவிட்டோம். காலையில் ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் அழுத்திப் பார்த்தோம். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தது. பேரன் மீட்டினான். சுத்தமான நாதம்.

"அப்ப என் விரல் இல்லையா தாத்தா?" என்று கேட்டான். இல்லடா கண்ணா, தாத்தாதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பல வருஷத்துக்கு முன்னால், சோனோமீட்டர் பரிசோதனையில் ஒரு மாணவனுக்கு விடை தப்புத் தப்பாக வந்தது. கவனமில்லை என்று வகுப்பு முழுக்கப் பார்க்க நிற்க வைத்தேன். மறுவாரம் பார்த்தால் கப்பி துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றிருந்தது. எடையின் இழுவை கம்பிக்கு முழுசாகப் போய்ச் சேரவே இல்லை. கப்பிக்கு எண்ணெய் விட்டேன். அந்தப் பையனிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால், தப்பு உன் மேல் இல்லை. மன்னித்துக்கொள்.

ஆண்டு விழாவில் பேரன் நன்றாகவே வாசித்தான். இரண்டு இடத்தில் தடுமாறினான். அது அவன் விரல்தான், அவனே சொன்னான்.

ஆரணிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். கிட்டார் கேட்கலாம்.