அத்திரம்பாக்கத்துக் கல்லைச் செய்தது யார்?

வேப்பம்பட்டில் ரயிலேறி, திருவள்ளூரில் இறங்கி, பூண்டி பஸ்ஸைப் பிடித்தால் நீர்த்தேக்கத்துப் பக்கத்திலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. நம் பகுதி மக்கள் பலர் பூண்டிக்குப் போவார்கள், ஏரியைப் பார்ப்பார்கள், மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் உயிரியல் ஆசிரியராக இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, பிள்ளைகளை அழைத்துப் போனால் அகழ்வைப்பகத்துக்குத்தான் முதலில் போவோம். கைக்கோடரிகள் இருக்கும் இடத்தில் நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் பார்க்கச் சொல்வேன். குவார்ட்சைட் என்கிற கெட்டிக் கல். ஒரு முனை கூராக இருக்கும். மறுமுனை உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி உருண்டு இருக்கும். இரண்டு முகத்திலும் சில்லுசில்லாகப் பெயர்த்தெடுத்த தழும்புகள், ஓரத்தை நோக்கி வரிசையாக இறங்கும். தானாக உடைந்த கல் இப்படி இருபுறமும் ஒத்து உடையாது. இதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியதே இல்லை. கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவன் சொல்லிவிடுவான்: "யாரோ செஞ்சிருக்காங்க சார்."

யார் செய்தது என்பதுதான் கேள்வி.

1863ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு வில்லியம் கிங்கோடு சேர்ந்து கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கு வந்தபோது அத்திரம்பாக்கம் அகப்பட்டது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமம்தான். டார்வினின் புத்தகம் வெளியாகி அப்போது நான்கே ஆண்டுகள். பிறகு 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே குழி வெட்டி, அடுக்கடுக்காக மண்ணைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2011ல் 'சயின்ஸ்' இதழில் வந்த அவர்கள் குழுவின் கட்டுரை, அங்கே மிக ஆழத்தில் கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்றது. உங்களையும் என்னையும் போன்ற மனித இனம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகிறது. அப்படியானால் இந்தக் கல்லைச் செய்த கை நம்முடைய இனத்தின் கை இல்லை. நமக்கு முன்னால் வாழ்ந்து மறைந்த வேறொரு மனித இனம் செய்திருக்கிறது. இந்தக் கருவிகளோடு மனித எலும்பு கிடைக்கவில்லை. ஆனாலும் இதே வகைக் கருவிகள் மற்ற நாடுகளில் கிடைத்ததை வைத்து, ஹோமோ எரெக்டஸ் இனத்தார் செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பரிணாமம் என்ற ஒன்றைக் கேள்விப்படாத பிள்ளை இந்தக் கல்லுக்கு முன்னால் நின்றால், அதைச் செய்தவரை அவன் எங்கே போய்த் தேடுவான்?

இந்தக் கவலை எனக்கு 2022ல் பெரிதாக வந்தது. என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கை வைத்தது. 'மரபும் பரிணாமமும்' என்று இருந்த பாடம் வெறும் 'மரபு' ஆகிவிட்டது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருக்கிறதே என்று பதில் வந்தது. இருக்கிறதுதான். ஆனால் நம் தெருவில் விசாரித்துப் பாருங்கள், பத்து முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் காமர்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் பாலிடெக்னிக்குக்கும் போகிறார்கள் என்று. அவர்களுக்குப் பத்தாம் வகுப்போடு உயிரியல் முடிந்தது. மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதை டாக்டருக்குப் படிக்கப் போகிறவன் மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நியாயமாகச் சொல்லவேண்டும்: இறைவன் படைத்தான் என்பதை அறிவியல் பாடமாக நடத்து என்று இந்தியாவில் யாரும் ஆணை போடவில்லை. நடந்தது நீக்கம். ஆனால் அதற்கு முன்பே வேறு பேச்சுகள் வந்திருந்தன. 2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, பாடத்திட்டத்தை மாற்றவேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து கண்டித்து அறிக்கை விட்டன. அடுத்த ஆண்டு ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் தசாவதாரம் டார்வினைவிடச் சிறந்த விளக்கம் என்று சொன்னார். படித்தவர்கள் சபையிலேயே இப்படி என்றால், பாடம் நீக்கப்பட்ட இடத்தை வாட்ஸ்அப் நிரப்பாமல் விடுமா?

"யாரு பாத்தது?" என்ற கேள்வி எனக்குப் புதிதில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களிடம் அது நல்ல கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவாக்குவேன். இன்றைக்கு மரத்தில் இருக்கிற குரங்கு நம் பாட்டன் இல்லை. அதற்கும் நமக்கும் வெகு காலத்துக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது, அங்கிருந்து கிளைகள் தனித்தனியாகப் பிரிந்தன. பிறகு, "முதுகுத்தண்டு முடியுற இடத்தைத் தொட்டுப் பாருங்க" என்பேன். சிரித்துக்கொண்டே தொடுவார்கள். அங்கே சில சிறு எலும்புகள் ஒன்றாக இணைந்து உள்ளே வளைந்து இருக்கின்றன. மற்ற விலங்குகளுக்கு வால் தொடங்குகிற அதே இடம். குளிரில் மயிர் கூச்செறிவதும் அப்படித்தான். உடம்பு முழுக்க ரோமம் உள்ள விலங்குக்கு அது கம்பளியாகும். நமக்கு அந்தப் பயன் இல்லை, ஆனாலும் தசை இழுக்கிறது. கண்ணால் பார்த்தவர் இல்லாவிட்டாலும் சாட்சி உடம்பிலேயே இருக்கிறது.

ஒரு தந்தை பள்ளிக்கு வந்து என்னிடம் மரியாதையாகவே பேசினார். "சார், சாமி படைச்சாருன்னு சொல்லித்தான் நாங்க வளக்குறோம். நீங்க வேற மாதிரி சொன்னா புள்ள குழம்பாதா? ரெண்டையும் சொல்லிக் குடுங்க, பெரியவனானா அவனே முடிவு பண்ணிக்கட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அமெரிக்காவிலும் இதையேதான் கேட்டார்கள். லூசியானா மாநிலம் 1981ல், பரிணாமத்தை நடத்தினால் படைப்புக் கொள்கையையும் கூடவே நடத்தவேண்டும் என்று சட்டமே போட்டது. 1987ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு பென்சில்வேனியாவின் டோவர் என்ற சிற்றூரில் அதே சரக்கு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற வேறு பெயரில் வந்தது. பெற்றோர்களே வழக்குப் போட்டார்கள். 2005 டிசம்பரில், இது அறிவியல் இல்லை என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன பேராசிரியர் கென்னத் மில்லர் கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவர்.

அந்தத் தந்தைக்கு நான் அத்திரம்பாக்கத்தை வைத்துத்தான் பதில் சொன்னேன். 15 லட்சம் என்ற எண்ணை யாரும் தியானத்தில் கண்டு சொல்லவில்லை. கல் தரைமேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அதிலுள்ள படிகத்தைத் தாக்கி, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுபோகும். உள்ளே இருப்பது மட்டும் அழிந்துகொண்டே வரும். அலுமினியம்-26 பாதியாகக் குறைய சுமார் 7 லட்சம் ஆண்டு, பெரிலியம்-10க்கு சுமார் 14 லட்சம். இரண்டும் இப்போது என்ன விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்குப் போடலாம். மண்ணில் பதிந்திருக்கும் பழைய காந்தத் திசையையும் பார்த்துச் சரிபார்த்தார்கள். வேறொருவர் வந்து மறுபடி அளக்கலாம், தவறு இருந்தால் காட்டலாம். இப்படித் தவறென்று காட்ட இடம் கொடுப்பதுதான் அறிவியல் வகுப்பில் உட்கார முடியும். இறைவன் படைத்தான் என்பதை நான் எந்தத் தராசில் வைத்து அளந்து காட்டுவேன்? அளக்க முடியாததைப் பக்கத்தில் வைத்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்வது அறிவியலுக்கும் நல்லதில்லை, சாமிக்கும் மரியாதையில்லை.

பக்தி எனக்கும் உண்டு. அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர், இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இன்றும் போய்வருகிறேன். கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கையில் காசில்லாத பூசலார் நாயனார் மனதுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய பல்லவ மன்னன், கனவில் இறைவன் சொன்னதைக் கேட்டு, அந்தக் கோயிலைப் பார்க்க நின்றவூருக்கு வந்தான். தேடினால் கட்டடம் எதுவும் இல்லை. விஷயம் தெரிந்ததும் பூசலார் காலில் விழுந்தான். அவருடைய கோயில் எத்தனை அடி உயரம் என்று அவன் கேட்கவில்லை. காஞ்சிக் கோயிலுக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், கேட்கவேண்டும். நின்றவூர்க் கோயிலிடம் அந்தக் கேள்விக்கு வேலையில்லை. என் பக்திக்கும் என் பாடத்துக்கும் சண்டை வராமல் இத்தனை காலம் ஓடியதற்கு இந்தப் புராணம்தான் எனக்குத் துணை. ஃபுட் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அவருக்கு மாமனார்.

நம் மாநிலப் பாடநூல் இதில் நல்ல வழியைப் பிடித்திருக்கிறது. பத்தாம் வகுப்பிலேயே உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில், பிரம்மா படைத்தார் என்ற நம்பிக்கையும் கிறித்தவம், இஸ்லாம் முதலிய சமயங்களின் நம்பிக்கையும் சில வரிகளில் சொல்லப்பட்டு, பிறகு சான்றுகளுக்குப் போகிறது. யாரையும் புண்படுத்தாமல், இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் சொல்ல முடியும் என்பதற்கு அந்தப் பக்கங்களே உதாரணம். குறை பாடநூலில் இல்லை. மார்ச் நெருங்கும்போது, "இதுல ரெண்டு மார்க்தான் வரும்" என்று அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகிற வகுப்பறையில்தான் குறை.

ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டைப் பள்ளிகளில் இருக்கும் ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சி.பி.எஸ்.இ.யோ ஸ்டேட் போர்டோ, இந்த ஆண்டு ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை பூண்டிக்கு அழைத்துப் போங்கள். தீம் பார்க்குக்கு ஆகிற செலவில் கால்வாசி ஆகாது. அகழ்வைப்பகம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அத்திரம்பாக்கம் வரை போனால், கீழே கிடக்கிற கல்லை யாரும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தொலைந்தால் அதன் வயதைச் சொல்ல யாராலும் முடியாது. பிள்ளைகள் யார் செய்தது என்று கேட்பார்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.