நெருப்பில் குளிரும் பெட்டி

தெற்கு ஸ்பெயினின் ஜூலை வெயிலுக்கு இரக்கம் கிடையாது. பிரிட்டனிலிருந்து பழைய மோட்டார்ஹோமில் கிளம்பி வந்த அந்த ஓய்வுபெற்ற தம்பதி வெயிலைத் தேடித்தான் வந்திருந்தார்கள். கவலையெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் பற்றியது. மனைவிக்கு நீரிழிவு. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் உருகிக் கிடந்தது. பேட்டரியும் செத்திருந்தது.

1980களில் தயாரான வண்டி அது. அதன் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரியும். அது திரவமாகி, ஹைட்ரஜன் உள்ள குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிவிடும். 1922ல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த வித்தை. அடுப்பு மூட்டிக் குளிர வைப்பது! சூடு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வந்தாலும், 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து வந்தாலும், காஸ் சிலிண்டரிலிருந்து வந்தாலும் பெட்டிக்குக் கவலையில்லை.

கவலைப்பட வேண்டியவர் வண்டிக்காரர். மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார் கணவர். பேட்டரியில் போட்டால் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். என்ஜின் ஓடும்வரை ஆல்டர்னேட்டர் ஈடுகட்டும். நின்றதும் இணைப்பைத் துண்டிக்க ஒரு ரிலே வேண்டும். முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றிவிட்டு நேராக வயர் இழுத்திருந்தார். அதுவும் மெல்லிய வயர். 12 வோல்ட் 10.5 ஆகக் குறைந்தால் சூடு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். ஆக, பகல் முழுக்க அரைகுறைக் குளிர். இரவில் காஸுக்கு மாற்ற மறந்ததில் அதுவும் போயிற்று.

பக்கத்து வண்டிக்காரர் கேபிள் போட்டு என்ஜினைக் கிளப்பிக் கொடுத்தார். டாக்டரைத் தேடிப்பிடித்து, புது இன்சுலின் வாங்குவதற்குள் மதியமாகிவிட்டது. வழி நெடுக மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று கணவருக்குத் தோன்றியது.

இப்போது ரிலேயும் தடித்த வயரும் வந்துவிட்டன. ஓடும்போது மட்டும் பேட்டரி. முகாமில் பிளக் இருந்தால் 230 வோல்ட். அதற்கு ஒரு ஆம்பியர்கூட ஆவதில்லை. பிளக் இல்லாத இடத்தில் காஸ். அதற்கு முன் வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். சாய்ந்திருந்தால் உள்ளே திரவம் சரியாக ஓடாது. பெட்ரோல் பங்க் பக்கம் போகும்போது சுடர் எரியவே கூடாது.

வண்டி நின்றதும் சாவி மனைவி கைக்குப் போய்விடுகிறது. ஃபிரிட்ஜின் அடியில் உள்ள சின்னக் கண்ணாடி வழியே நீலச் சுடரைக் குனிந்து பார்த்த பிறகுதான் கணவருக்குத் தேநீர்.