எங்கள் வீட்டு அப்பளம்

(தரம் 10, 11 மாணவர்களுக்கான தன்னனுபவக் கட்டுரை)

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் வாக்கு. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பதும் அவர்கள் வாக்கே. இவ்விரு பழமொழிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒரு பண்டத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் அது அப்பளத்தில் இருந்தது. உண்ணும்போது "நொறுக்" என ஒலித்து உடைந்து போகும் இந்த மெல்லிய வட்டம் எமக்கு வெறும் தொடுகறி மட்டுமன்று. அது எங்கள் குடும்பத்தின் வருமானமாகவும், பின்னர் அம்மாவின் உடல்நலம் பற்றிய கேள்வியாகவும் அமைந்தது. ஆதலால் அப்பளத்தின் சுவையையும் சத்தையும் பற்றி எழுதும்போது எங்கள் வீட்டையும் சேர்த்தே எழுத வேண்டியுள்ளது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது நாங்களும் புறப்பட்டோம். வன்னியில் சில காலம் இருந்துவிட்டு இறுதியில் வவுனியாவில் ஒரு சிறு வாடகை வீட்டில் தங்கினோம். அப்பாவுக்கு நிரந்தரமான தொழில் இல்லை. படிக்கும் பிள்ளைகள் மூவர். அம்மாவின் கையில் இருந்த முதலீடு, அம்மம்மாவிடம் கற்ற அப்பளத் தொழில் ஒன்றே. வவுனியா உழுந்து விளையும் மாவட்டம். பெரும்போக அறுவடை முடிந்ததும் தோட்டக்காரரிடமே நேரில் வாங்கினால் கடை விலையிலும் குறைவாகக் கிடைக்கும். எனவே அம்மா துணிந்து தொழிலை ஆரம்பித்தார்.

அப்பளம் செய்வது பார்வைக்கு எளிது. செய்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். கோது நீக்கிய உழுந்தை நன்கு காயவைத்து, அரைத்து, அரித்து எடுக்க வேண்டும். உப்பையும் அப்பளக்காரத்தையும் நீரிற் கரைத்துத் தெளிய விட்டு, அந்த நீரை அளவாக விட்டு மாவைக் கெட்டியாகப் பிசைய வேண்டும். பின்பு உரலில் இட்டு, இடையிடையே எண்ணெய் தடவி, மா இளகும்வரை உலக்கையால் இடிக்க வேண்டும். இடித்த மாவைக் கயிறு போலத் திரித்து, நூலால் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் கட்டையால் உருட்டித் தேய்த்து வட்டமாக்க வேண்டும். ஓரம் தடித்து நடு மெலிந்தாலும், நடு தடித்து ஓரம் மெலிந்தாலும் பொரிக்கும்போது அப்பளம் சீராக விரியாது. இடிப்பது அப்பாவின் வேலை. தேய்ப்பது அம்மாவினதும் அக்காவினதும் வேலை. பாயில் பரப்பிக் காயவைத்துக் காகம் கலைப்பது எனது வேலை. அந்தப் பாயின் அருகே இருந்துதான் எனது பாடங்களையும் படித்தேன்.

அப்பளம் ஏன் பொரிகின்றது என்ற கேள்விக்கு விடை எனக்கு விஞ்ஞானப் பாடத்தில் கிடைத்தது. காய்ந்த அப்பளத்திலும் சிறிதளவு நீர் எஞ்சியிருக்கும். கொதிக்கும் எண்ணெயில் இட்டவுடன் அந்த நீர் நீராவியாகி வெளியேற முயல்கின்றது. அதேவேளையில் மாவில் உள்ள மாப்பொருளும் புரதமும் வெப்பத்தால் இளகி, நீராவியின் அழுத்தத்தால் குமிழ்களாக உப்பி, நீர் போனதும் இறுகிவிடுகின்றன. சில விநாடிகளில் இவை யாவும் நடந்து முடிகின்றன. நொறுங்கும் தன்மை என்பது இந்த நுண்ணிய, உலர்ந்த குமிழ்ச் சுவர்கள் உடைவதே. ஆகவே எண்ணெய் போதிய சூடேறாவிடில் அப்பளம் விரியாது. எண்ணெயை மட்டும் குடிக்கும். பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நமத்துப் போகும். காற்றுப் புகாத தகரப்பேணியில் இட்டு மூடிவைக்கும் எமது வழக்கத்தின் காரணமும் இதுவே.

இனி அதன் போசணைப் பெறுமானத்தை நோக்குவோம். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுச் சத்து அட்டவணைப்படி, பொரிக்காத அப்பளம் 100 கிராமில் சுமார் 371 கிலோ கலோரி சக்தியும், 25 கிராமுக்குச் சற்று அதிகமான புரதமும், ஏறக்குறைய 60 கிராம் காபோவைதரேற்றும், 3 கிராம் அளவு கொழுப்பும் அடங்கியுள்ளன. இரும்பு, கல்சியம், நார்ப்பொருள் என்பனவும் உண்டு. உழுந்து ஒரு பருப்பு வகை என்பதே இப்புரதத்திற்குக் காரணம். சோற்றில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது அதிகம். பருப்பு வகைகளில் குறைவாக உள்ள மெதயோனின் சோற்றில் உண்டு. எனவே சோறும் உழுந்தும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. ஆயினும் ஓர் அப்பளம் 10 கிராம் எனக் கொண்டால் அதில் 2.5 கிராம் புரதமே உண்டு. புரதத்துக்காக அப்பளத்தை நம்பியிருப்பதிலும் ஓர் அகப்பை பருப்புக்கறி உண்பதே மேல்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அதே அட்டவணையில் 100 கிராம் அப்பளத்தில் சோடியம் சுமார் 1745 மில்லிகிராம் எனக் காணப்படுகின்றது. அதாவது 10 கிராம் நிறையுள்ள ஓர் அப்பளத்தில் ஏறத்தாழ 175 மில்லிகிராம். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியத்தையே, அதாவது 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஒரு வேளைச் சாப்பாட்டில் மூன்று அப்பளம் உண்டால் அந்த அளவின் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் முடிந்துவிடும். கறிகளில் உள்ள உப்பு வேறு. பொரிக்கும்போது ஓர் அப்பளம் 3 கிராம் எண்ணெயை உறிஞ்சுமானால் மேலும் 27 கிலோ கலோரி கூடும். அப்போது எண்ணெயால் வரும் சக்தி உழுந்தால் வரும் சக்தியை நெருங்கிவிடுகின்றது.

இந்தக் கணக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது 2018ஆம் ஆண்டில் ஆகும். தலைசுற்று எனச் சொல்லி வைத்தியசாலைக்குப் போன அம்மாவுக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். மாதாந்தக் கிளினிக்கில் தாதி ஒருவர் தவிர்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார்: கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "கருவாட்டை விடலாம் பிள்ளை. அப்பளத்தை எப்படி விடுறது? ஒவ்வொரு முறையும் பொரிச்சு வாயில போட்டுப் பார்த்துத்தானே கடைக்குக் குடுக்கிறனான்" என்றார். அவர் கேட்டது நாவின் ஆசைக்காக அன்று. தான் ருசி பார்க்காத பண்டத்தைப் பிறருக்கு விற்கக்கூடாது என்பது அவரது நேர்மை.

நானும் அக்காவும் உப்பைக் குறைக்குமாறு சொன்னோம். அம்மா தயங்கினார். உப்பு சுவைக்கு மட்டும் இடப்படுவதில்லை. பண்டத்தைப் பழுதாகாமல் காக்கவும் இடப்படுகின்றது. "உப்புக் குறைஞ்சால் கனநாள் நிக்காது. பூஞ்சணம் பிடிச்சால் ஆர் வாங்குவினம்?" என்பது அவரது வாதம். அதில் நியாயம் இருந்தது. எனவே ஒரு கிலோ மாவில் மட்டும் பரீட்சித்துப் பார்த்தோம். 50 கிராம் உப்புக்குப் பதிலாக 35 கிராம் இட்டு, குறைந்த சுவையை ஈடுசெய்யத் தட்டிய மிளகும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்தோம். வழமையிலும் ஒரு நாள் கூடுதலாகக் காயவைத்துச் சிறு பொதிகளாகக் கட்டினோம். பூஞ்சணம் பிடிக்கவில்லை. வாங்கியவர்களில் சிலர் "மிளகு அப்பளம்" என்று அதையே கேட்கத் தொடங்கினர்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். அப்பளக்காரமும் ஒரு சோடிய உப்பே. சோடியம் காபனேற்று, சோடியம் இருகாபனேற்று போன்றவையே அப்பளக்காரமாகப் பயன்படுகின்றன. காரம் இல்லாவிடில் மா இளகாது. அப்பளமும் நன்கு பொரியாது. எனவே கறியுப்பைக் குறைத்தாலும் சோடியம் முற்றாக நீங்காது. "உப்புக் குறைந்த அப்பளம்" என்பது "கட்டுப்பாடின்றி உண்ணத்தக்க அப்பளம்" எனப் பொருள்படாது. இதனை அம்மாவுக்கு விளக்கியபோது, ருசி பார்ப்பதற்கு ஒரு முழு அப்பளம் தேவையில்லை, ஒரு துண்டு போதும் என்று அவரே ஒரு வழி கண்டார்.

அடுத்த சோதனை 2020இல் வந்தது. அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் நோக்குடன் அரசாங்கம் உழுந்து இறக்குமதியைத் தடுத்தபோது சந்தையில் உழுந்தின் விலை பன்மடங்கு ஏறியது. உழுந்துடன் கோதுமை மாவைக் கலந்தால் செலவு பாதியாகும் என்று பலரும் அம்மாவுக்குச் சொன்னார்கள். நெடுநாளாக எம்மிடம் வாங்கிவந்த ஒரு கடைக்காரர் பழைய விலைக்கே வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, இறுதியில் வாங்குவதையே நிறுத்திவிட்டார். கோதுமை மாவு கலந்தால் புரதம் குறையும். உழுந்துக்கே உரிய வாசமும் போகும். அம்மா கலக்கவில்லை. 100 அப்பளம் செய்த இடத்தில் 40 செய்தார். விலையை வெளிப்படையாகச் சொல்லி வீடுகளுக்கே கொடுத்தார். வருமானம் குறைந்தது. பெயர் குறையவில்லை.

2022இல் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டு, சமையல் எரிவாயு வரிசைகள் நீண்டு, எண்ணெய் விலையும் உயர்ந்தபோது, பொரிப்பதே ஆடம்பரம் ஆயிற்று. அப்போது அம்மா விறகடுப்புத் தணலில் அப்பளத்தைக் குறட்டால் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சுட்டார். வட இந்தியாவில் இது பழைய வழக்கம். சுட்ட அப்பளம் பொரித்ததைப் போல அகலமாக விரியாது. ஆனால் நொறுங்கும், மணக்கும், எண்ணெய் ஒரு துளியும் இல்லை. வறுமை காட்டிய வழி உடல்நலத்துக்கும் உகந்ததாயிற்று. ஆயினும் கருகவிடக் கூடாது. மாப்பொருள் உள்ள உணவுகளை 120 பாகை செல்சியசுக்கு மேல் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்கிரிலமைட்டு என்னும் வேண்டாத சேர்வை உருவாகலாம் என்பதை 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் கூடும். பொன்னிறத்தில் எடுத்துவிடுவதே நன்று. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சூடாக்கிப் பயன்படுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

சமையலில் அப்பளத்தின் பயன்கள் பல. எங்கள் பக்கத்துச் சைவ விருந்தில் சோறு, பருப்பு, நெய் இவற்றுடன் அப்பளமும் வடகமும் மோர்மிளகாயும் பொரித்து வைப்பர். வேப்பம்பூ வடகத்தின் கைப்பும் மிளகாயின் உறைப்பும் அப்பளத்தின் மொறுமொறுப்பும் குழைந்த சோற்றுக்கு மாற்றாக அமைகின்றன. சிங்கள மக்களின் சோற்று விருந்திலும் முஸ்லிம் மக்களின் புரியாணியுடனும் "பப்படம்" என்ற பெயரில் அதுவே இடம்பெறுகின்றது. இப்பெயர் "பர்ப்பட" என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பர். கேரளத்தில் பாயாசத்துடன் பழமும் பப்படமும் பிசைந்து உண்பர். தமிழ்நாட்டில் புளிக்குழம்பில் அப்பளத் துண்டுகளை இட்டு அப்பளக் குழம்பு வைப்பர். மரக்கறி அரிதான இராசத்தான் பாலைநிலத்தில் அப்பளமே தயிரிற் கறியாகின்றது. இந்தோனேசியாவில் மரவள்ளி மாவும் இறாலும் சேர்த்துச் செய்யும் "குருப்புக்" இதன் தூரத்து உறவு எனலாம். நோயாளிக்குக் கஞ்சி வெறுத்துப்போனால் சுட்ட அப்பளத்தின் ஒரு துண்டு உண்ணும் விருப்பைத் தூண்டும்.

அப்பளம் பெண்களின் கைத்தொழிலாகவும் சிறந்துள்ளது. 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபா கடனுடன் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் செய்யத் தொடங்கினர். அம்முயற்சியே "லிஜ்ஜத்" என்னும் கூட்டுறவு நிறுவனமாக வளர்ந்து பல்லாயிரம் பெண்களுக்கு வருமானம் கொடுத்தது. அவர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு இந்திய அரசு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அம்மாவுக்கு விருதும் இல்லை, நிறுவனமும் இல்லை. ஆனால் அந்த உரலின் வருமானத்தில் மூன்று பிள்ளைகள் படித்து முடித்தார்கள். அக்கா இன்று தாதியாகப் பணிபுரிகின்றார்; பிறருடைய அம்மாக்களுக்கு உப்பைக் குறைக்கும்படி சொல்வது இப்போது அவரது வேலை.

எனவே அப்பளத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல்லில் தீர்ப்பளிக்க இயலாது. உழுந்தின் சத்து அதில் உண்டு. உப்பின் கேடும் எண்ணெயின் பாரமும் உண்டு. சுகதேகிகள் இடைக்கிடை ஒன்றிரண்டு உண்பதில் தவறில்லை. உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளோர் வைத்திய ஆலோசனைப்படி நடத்தல் வேண்டும். எதை உண்கின்றோம் என்பதோடு எவ்வளவு உண்கின்றோம், எவ்வாறு சமைக்கின்றோம், அதனைச் செய்தவர் யார் என்பவற்றையும் அறிந்து உண்பதே அறிவுடைமை. கைநிறையச் செய்து பிறருக்குக் கொடுத்து, தன் பங்கிற் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள அம்மா பழகிக்கொண்டார். சுவையையும் சுகத்தையும் சேர்த்துக் காக்கும் வழி அதுவே.

பயிற்சி

1. அப்பளம் பொரியும்போது விரிவதற்கான காரணத்தை விளக்குக.
2. சோறும் உழுந்தும் சேர்ந்து உண்ணப்படுவதன் போசணை நன்மை யாது?
3. "உப்புக் குறைந்த அப்பளத்திலும் சோடியம் உண்டு." இக்கூற்றுக்குக் காரணம் தருக.
4. 10 கிராம் நிறையுள்ள இரண்டு அப்பளங்களில் அடங்கும் சோடியத்தின் அளவைக் கணித்து, நாளாந்த எல்லையுடன் ஒப்பிடுக.
5. உங்கள் வீட்டிற் செய்யப்படும் ஓர் உணவுப் பண்டம் பற்றி 200 சொற்களுக்குக் குறையாமல் தன்னனுபவக் கட்டுரை ஒன்று எழுதுக.