வாப்பாவின் கெப்பும் சிவப்பு டேப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய பெற்றோல் வாகனம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். வாகனம் இல்லாதவர்களும் கடைசி வரை வாசித்தால் சந்தோஷம்.

நாங்கள் சகோதரர்கள் இருவர். வீடு கினிகத்தேனையில். இருவருமே பாடசாலையில் படிப்பிக்கிறோம். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் கணிதம். வாப்பா ஒரு காலத்தில் சந்தைக்கு மரக்கறி ஏற்றிய பழைய டட்சன் கெப் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதை விற்கச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. வாப்பாவுக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் இல்லை.

போன ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை வாப்பாவை ஹட்டனுக்கு கிளினிக் கூட்டிப் போக வேண்டும். சுபஹ் தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பினோம். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே. வட்டவளை, கினிகத்தேனை என்றாலே நாட்டில் அதிகம் மழை விழும் இடங்கள். ஈரம் இறங்கியிருக்கும் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, சாரத்தால் துடைத்துப் பூட்டினோம். சரிவரவில்லை. ஒரு ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பெற்றோலில் நனைந்திருந்தது. அதாவது பெற்றோல் வருகிறது, நெருப்புத்தான் இல்லை.

சிங்களத்தில் 'கினி' என்றால் நெருப்பு, 'ஹேன' என்றால் சேனை. தீப்பிடித்த சேனை என்று பெயர் வைத்த ஊர் எங்களுடையது. 1950 இலிருந்து நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் லக்ஷபானவும் பக்கத்தில்தான். இங்கே நின்றுகொண்டு ஒரு பொறிக்கு வழியில்லாமல் தவித்தோம். வாப்பா ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். எங்களில் ஒருவர் லீவு போட்டுவிட்டு அவருடன் ஓடினார்.

அந்தக் கோபத்தில்தான் பிழை விட்டோம். இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, ஒரு கராஜில் ஒயில் மாற்றி ப்ளக் துப்பரவாக்கியிருந்தோம். அதைச் செய்தது அங்கே வேலை பழகும் பையன். பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவன், எங்களிடம் படித்தவன். ஓ.எல். எழுதியபின் படிப்பை விட்டுவிட்டான். "அவன்தான் கை வைத்தான், அவன்தான் எதையோ குழப்பிவிட்டான்" என்று எங்களுக்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது. கராஜ் பாஸுக்குக் கோல் எடுத்துச் சொல்லியும் விட்டோம். மெதுவாகச் சொல்லவும் இல்லை.

பிறகு பகல் முழுக்க, பார்க்காமலே சாமான் மாற்றும் வேலை. புது ப்ளக் நான்கு வாங்கிப் போட்டோம். புது கொயில் ஒன்றும் வாங்கிப் போட்டோம். காசு போனதுதான் மிச்சம்.

அஸர் நேரம் அந்தப் பையனே வந்து நின்றான். தலையில் பொலித்தீன் பை, கையில் இரண்டு வயர் கட்டிய ஒரு சின்ன பல்ப்.

"சேர், ஒருக்கா பார்க்கட்டா?"

முதலில் அவன் எதையும் கழற்றவில்லை, கேள்விதான் கேட்டான். எப்போது நின்றது, ஓடும்போது இழுத்ததா, ஒரேயடியாக நின்றதா, நாங்கள் எதையெல்லாம் மாற்றினோம் என்று. அதன் பிறகு செய்ததை வரிசையாக எழுதுகிறோம், உங்களுக்கும் உதவும்.

முதலில், கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் போகும் தடித்த வயரை மூடியிலிருந்து உருவினான். ரப்பர் பிடி போட்ட குறட்டால் அதன் நுனியை எஞ்சின் இரும்புக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னான். (வெறுங்கையால் பிடிக்கவே கூடாது. பெற்றோல் மணக்கும் இடத்தில் இதைச் செய்யவும் கூடாது.) பொறி இல்லை. "அப்ப ப்ளக், மூடி, ரோட்டர் மேல பிழை இல்ல சேர். கோளாறு அதுக்கு முன்னுக்கு." நாங்கள் வாங்கிய நான்கு ப்ளக்கும் வீண்.

அடுத்தது பல்ப். ஒரு வயர் இரும்பில், மற்றது கொயிலின் பிளஸ் பக்கம். சாவியைப் போட்டதும் பல்ப் எரிந்தது. ஆகவே பெட்டரியிலிருந்து கொயில் வரை கரண்ட் வருகிறது. அதே பல்பைக் கொயிலின் மைனஸ் பக்கம் வைத்து செல்ஃப் அடித்தோம். பொயின்ட் திறந்து மூடும்போது அது விட்டு விட்டு எரிய வேண்டும். எரியவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன வயரைக் கொயிலிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி வைத்தான், எரிந்தது. எங்கள் பழைய கொயிலை மாட்டியும் பார்த்தான், அதிலும் எரிந்தது. கொயிலும் வீண்.

தரம் 11 இல் மின்காந்தத் தூண்டல் படிப்பிக்கிறோம். 1831 இல் ஃபரடே கண்டது. கொயிலின் முதற் சுருளில் ஓடும் 12 வோல்ற்று மின்னோட்டம் சட்டென்று அறுந்தால்தான் மற்றச் சுருளில் பல்லாயிரம் வோல்ற்று எழும்பும். அறுக்கும் வேலை பொயின்டுடையது. அறுபடாவிட்டால் பொறி இல்லை. பெட்டரியையும் கொயிலையும் வைத்து இப்படிப் பொறி எடுக்கும் முறையை 1910 அளவில் கடிலக் கார்களுக்குச் செய்து கொடுத்த சார்ல்ஸ் கெட்டரிங், இளம் வயதில் கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இவ்வளவும் தெரிந்த நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பல்ப் பிடித்தவன் அவன்.

கழற்றிய வயரைத் திரும்பக் கொயிலில் பூட்டிவிட்டு மூடியைத் திறந்தான். பொயின்ட் அரை மில்லிமீற்றர் அளவு சரியாகத் திறக்கிறது. இடையில் ஒரு மட்டைத் துண்டைச் செருகினான். அப்போதும் பல்ப் எரியவில்லை. கண்டன்சரைக் கழற்றினான், அப்போதும் இல்லை. பிறகு உள்ளே இருக்கும் குட்டி வயரை விரலால் லேசாகத் தூக்கினான்.

பல்ப் எரிந்தது.

அந்த வயரின் உறை உராய்ந்து, செம்பு வெளியே வந்து, அடித்தட்டில் முட்டிக்கொண்டிருந்தது. பொயின்ட் திறந்தாலும் கரண்ட் அந்த வழியால் இரும்புக்கு இறங்கிவிடுகிறது. வயரின் மேல் யாரோ டேப் சுற்றியிருந்தார்கள். சூட்டிலும் ஈரத்திலும் பசை இளகி, டேப் கழன்றிருந்தது.

சிவப்பு டேப். பாடசாலை ஆய்வுகூடத்துக்கு எங்கள் காசில் வாங்கிய சுருள். மார்ச் மாதம் பொயின்டைத் தேய்த்தபோது வயர் உராய்ந்திருந்ததைக் கண்டு, நாங்களே சுற்றிவிட்டு மறந்துபோனது.

அவன் டேப்பைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "இது பழைய ஒட்டு சேர்" என்று மட்டும் சொன்னான். அந்த டேப்பை எங்கள் வகுப்பில் அவனும் கண்டிருப்பான்.

வயருக்குப் புது உறை போட்டு, கண்டன்சரைப் பூட்டி, சாவியைத் திருப்பினான். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. வாப்பா வாசலுக்கு வந்து சிரித்தார்.

பிளேன்டி குடிக்கும்போது கேட்டோம், "தம்பி, இன்றைக்கு வேலை நேரத்தோடு முடிந்ததா?"

"பாஸ் காலையிலயே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார் சேர். நாளைக்கும் வர வேணாமாம்."

தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. அன்றைய சம்பளம் இல்லை. எங்கள் ஒரு கோலால். காசு நீட்டினோம், வாங்கவில்லை. வற்புறுத்தவும் வெட்கமாக இருந்தது. நாங்கள் கொடுக்க வேண்டியது காசு மட்டும் இல்லை.

மறுநாள் பாடசாலைக்குப் போகும் முன் அந்தக் கெப்பிலேயே கராஜுக்குப் போனோம். அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பாஸிடம் சொன்னோம்: பிழை எங்களுடையது, பையனுடையது இல்லை. சிவப்பு டேப் துண்டையும் காட்டினோம். பாஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர்மார் முதலில் கேட்டிருக்கலாம்" என்றார். கேட்டிருக்கலாம்தான். பையனை அன்றே கூப்பிட்டுக்கொண்டார். விடுபட்ட நாளின் கூலியை நாங்கள் பாஸின் கையில் கொடுத்தோம்.

இன்று வரை மனதில் இருப்பது கெப் இல்லை. வகுப்பில் எத்தனை பிள்ளைகளை இப்படிப் பல்ப் வைத்துப் பார்க்காமலே "இவன்தான்" என்று முடிவு கட்டியிருப்போம்? வீட்டுவேலை செய்யாதவன், பேனை காணாமல்போனபோது பக்கத்தில் இருந்தவன், பிந்தி வருபவன். கரண்ட் எங்கே நிற்கிறது என்று ஒரு கேள்வி கேட்க இரண்டு நிமிடம் போதும். அவன் எங்களிடம் கேட்டது போல.

வாப்பாவுக்கு துஆ செய்யுங்கள். கெப் நன்றாக ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். விற்பனைக்கு இல்லை, இன்பொக்ஸில் விலை கேட்க வேண்டாம். புது கொயில் ஒன்றும் ப்ளக் நான்கும் இருக்கின்றன. தேவையானவர்கள் சொல்லுங்கள்.